தேங்காய்ப்பட்டணம் முதல் பத்துகாணி வரை: மிதிவண்டியில் ஓரிரவுப் பயணம் செல்லும் புதியவர்களுக்கு

குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், குழித்துறைத் தாமிரபரணி கடலில் சேரும் தேங்காய்ப்பட்டணத்துப் பொழிமுகத்திலிருந்து விடியலில் புறப்பட்டால், அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்பாகவே கேரள எல்லையை ஒட்டிய மலையூரான பத்துகாணியை எட்டிவிடலாம். தூரம் சுமார் 40 கிலோமீட்டர்தான். ஓர் இரவு மேலே தங்கி, மறுநாள் காலை வேறு வழியாக இறங்கித் திற்பரப்பு அருவியில் குளித்துவிட்டு மீண்டும் கடற்கரைக்கு வந்து சேரும் இந்தப் பயணத்தை, ஓரளவு மிதிவண்டிப் பழக்கம் உள்ள எவரும் செய்யலாம். அதற்கு எப்படித் தயாராவது, எந்த வழியில் செல்வது, எங்கே மூச்சை மிச்சம் பிடிப்பது என்பவற்றைப் புறப்படும் வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். புதிதாக வருபவர்கள் மலையேற்றத்தை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். ஆனால் அந்த ஏற்றம் கடையாலுமூட்டைத் தாண்டிய கடைசிப் பத்துக் கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். உண்மையில் காலைத் தின்பது அதற்கு முன்பு வரும் இடைநாடுதான். இங்கே நிலம் கடலிலிருந்து மலைக்குச் சீராக உயர்வதில்லை. ஆற்றுக்கும் ஓடைக்கும் இறங்கி, செம்மண் மேட்டுக்கு ஏறி, அடுத்த கால்வாய்க்கு மறுபடி இறங்கி என்று அலையலையாகவே போகிறது. ஒவ்வொரு மேடும் சிறியதாக இருப்பதால் எழுந்து நின்று மிதித்து ஒரே மூச்சில் ஏறிவிடத் தோன்றும். அப்படி இருபது மேடுகளை ஏறியவருக்கு, மலை தொடங்கும் இடத்தில் தொடையில் ஒன்றும் மிஞ்சாது. இந்தப் பயணத்தைத் திட்டமிடுவது என்பது பெரும்பாலும் இந்த இடைநாட்டை எவ்வளவு சோம்பலாகக் கடப்பது என்பதைத் திட்டமிடுவதுதான்.

காலம்

குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழைகளும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கும் மாறி மாறிப் பெய்வதால், ஆண்டில் பாதிக்கு மேல் மலைச் சாலை ஈரமாகவே இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் காலை வெயில் தெளிவாக இருந்தாலும் பிற்பகலில் இடியுடன் கோடை மழை இறங்கும். ஆகவே புதியவர்களுக்கு ஏற்றது ஜனவரி முதல் மார்ச் நடு வரையிலான காலம்.

ஆனால் இந்தக் காலத்துக்கும் ஒரு குறை உண்டு, அதை வெளியூர்க்காரர்கள் அறிந்திருப்பதில்லை. அருமனைக்கு அப்பால் வழி முழுவதும் ரப்பர் தோட்டங்கள். படங்களில் பார்க்கும் அந்தக் குளிர்ந்த பச்சை நிழலை நம்பி வருவார்கள். ரப்பர் மரம் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில்தான் இலை உதிர்க்கிறது. நிழல் இருக்காது என்பது மட்டுமல்ல, உதிர்ந்த சருகு சாலையோரம் கணுக்காலளவு குவிந்து கிடக்கும். வளைவில் அதன்மேல் சக்கரம் ஏறினால் வழுக்கும். புதுத்தளிர் விட்டு நிழல் திரும்புவது மார்ச் வாக்கில். என்னைக் கேட்டால் மார்ச் முதல் இரண்டு வாரங்களையே சொல்வேன்.

பெருங்காற்று எச்சரிக்கை இருக்கும் நாளில் எந்த மாதமானாலும் புறப்பட வேண்டாம். ரப்பர் மரம் எளிதில் முறியக்கூடியது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் கடந்தபோது இந்த மாவட்டத்தில் ரப்பரும் வாழையும் எப்படிச் சாய்ந்து கிடந்தன என்பதைப் பார்த்தவர்கள் காற்று நாளில் தோட்டத்தின் நடுவே நிற்க மாட்டார்கள். ஆடி அமாவாசையை ஒட்டிக் குழித்துறையில் வாவுபலிப் பொருட்காட்சி நடக்கும் நாட்களிலும், சித்ரா பௌர்ணமியை ஒட்டிப் பத்துகாணி அருகே உள்ள காளிமலையில் பொங்கல் விழா நடக்கும் நாட்களிலும், தவக்காலத்தில் கிறித்தவத் திருத்தலமான தெற்குக் குருசுமலைக்குப் பயணிகள் திரளும் நாட்களிலும் சாலை நிறைந்திருக்கும். அந்தக் கூட்டத்தைப் பார்க்கவே வருபவர்கள் பேருந்தில் வருவது நல்லது.

தங்குமிடம்

எல்லாவற்றுக்கும் முன்பாகத் தங்குமிடத்தை உறுதி செய்யுங்கள். வண்டியைப் பற்றிய கவலை அதற்குப் பிறகுதான். பத்துகாணி சுற்றுலாவை நம்பி வளர்ந்த ஊர் அல்ல. ரப்பர் பால்வெட்டும் தொழிலாளர்களும் சிறு விவசாயிகளும் வாழும் ஊர். விடுதி தேடிக்கொள்ளலாம் என்று மாலையில் போய் நிற்பது சரியாகாது. அருமனை, மார்த்தாண்டம் பக்கத்தில் நண்பர் ஒருவர் இருந்தால் அவர் மூலம் மேலே தெரிந்த குடும்பம் ஒன்றில் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வதே இங்கு நடைமுறை. வீட்டார் வேண்டாம் என்று சொன்னாலும் சாப்பாட்டுக்கும் தங்கலுக்கும் உரிய தொகையைக் கொடுத்துவிட்டு வாருங்கள். அப்படி யாரும் அமையாவிட்டால், திற்பரப்பிலோ குலசேகரத்திலோ அறை எடுத்துக்கொண்டு, பத்துகாணிக்கு ஏறி அன்றே இறங்கி அங்கே வந்து தங்கலாம். பயணத்தின் சுவை சற்றுக் குறையும், பாதுகாப்புக் குறையாது.

கூடாரம் கொண்டுவருவதாகச் சிலர் சொல்வார்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதும் தங்குவதும் குற்றம். இந்த மலைகளின் பெரும்பகுதி 2008இல் அறிவிக்கப்பட்ட கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயத்துக்கு உட்பட்டது. அரசு ரப்பர் கழகத் தோட்டங்களை ஒட்டிய இடங்களில் காட்டு யானை நடமாட்டம் உண்டு. ஊருக்குள், கூரைக்கு அடியில் தங்குவதே முறை. இந்த மலைகளின் பழங்குடியினரான காணி மக்களின் குடியிருப்புகள் வழியில் எதிர்ப்பட்டால், கேட்காமல் உள்ளே செல்வதும் படம் எடுப்பதும் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியிருப்பதே வருத்தம்தான்.

வண்டி

விலையுயர்ந்த வண்டி தேவையில்லை. சரியான பல்கணக்கு உள்ள வண்டி தேவை. நம் வீடுகளில் இருக்கும் கியர் இல்லாத பெரிய வண்டியில் முன்பக்கச் செயின்வீலுக்கு 44 பற்களும் பின்பக்க ப்ரீவீலுக்கு 18 பற்களும் இருக்கும். அதாவது பெடலை ஒருமுறை சுற்றினால் சக்கரம் ஏறத்தாழ இரண்டரை முறை சுற்றும். சமவெளியில் இது நல்லது. மலையில் முழங்காலை உடைக்கும். ஏற்றத்துக்கு வேண்டியது பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரு சுற்று என்ற கணக்கு. முன்னால் 30 பற்களுக்குள் ஒரு சிறிய செயின்வீலும் பின்னால் 32 அல்லது 34 பற்கள் கொண்ட பெரிய ப்ரீவீலும் இருந்தால் போதும். கடையில் வாங்கும்போதோ வாடகைக்கு எடுக்கும்போதோ எத்தனை கியர் என்று கேட்காதீர்கள். மிகச் சிறிய முன்பல்லையும் மிகப் பெரிய பின்பல்லையும் எண்ணிப் பாருங்கள். கியர் இல்லாத வண்டிதான் இருக்கிறது என்றால் அதிலும் வரலாம். கடைசி ஏற்றத்தின் பெரும்பகுதியைத் தள்ளிக்கொண்டு நடக்க நேரும், அதற்கு ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்கிக்கொள்ளுங்கள். தள்ளி நடப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நான் இன்றும் இரண்டு வளைவுகளில் இறங்கி நடக்கிறேன்.

பிரேக்கைப் புறப்படுவதற்கு முந்தைய வாரமே பாருங்கள். பிரேக் ஷூவில் உள்ள பள்ளக் கோடுகள் தேய்ந்து மறைந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். கேபிளின் நுனி பிரிந்து முள்முள்ளாக நின்றால் அதையும் மாற்ற வேண்டும். டயரில் காற்று எவ்வளவு என்பதை அதன் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பார்கள். அதன் மேல்வரம்புக்குச் சற்றுக் குறைவாக வையுங்கள். அகல டயர் கொண்ட வண்டிக்கு 40 முதல் 50 பி.எஸ்.ஐ. வரை சரியாக இருக்கும்.

உபரி டியூப் இரண்டு, ஒட்டுப் பெட்டி, டயர் நெம்பும் பிளாஸ்டிக் கரண்டிகள், கைப்பம்ப், அறுகோணச் சாவிக் கொத்து ஆகியவை கட்டாயம். இதில் டியூபின் வால்வைத் தனியாகச் சொல்ல வேண்டும். என் முதல் பயணத்தில் கடையாலுமூட்டைத் தாண்டியதும் பின்சக்கரம் பஞ்சரானது. பம்ப் கொண்டுவரவில்லை, கடை இருக்கும் என்ற நினைப்பு. கடையும் இருந்தது. ஆனால் என் டியூபில் இருந்தது மெல்லிய பிரெஸ்டா வால்வு. கடையில் இருந்த பெரியவர் தம் பம்பின் வாயை ஒரு கையிலும் அந்த வால்வை மறுகையிலும் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதென்ன மக்களே, ஊசியா?” என்று கேட்டார். ஊர்ப்புறக் கடைகளில் சாதாரணச் சைக்கிள் வால்வுக்கும் மோட்டார் சைக்கிள் வால்வுக்கும்தான் பம்ப் இருக்கும். பிரெஸ்டா வால்வு உள்ளவர்கள், அதன்மேல் திருகி மோட்டார் சைக்கிள் வால்வாக மாற்றும் விரல்நுனியளவுப் பித்தளை அடாப்டர் ஒன்றைச் சாவிக்கொத்திலேயே கோத்து வைத்துக்கொள்ள வேண்டும். சில ரூபாய்ப் பொருள்தான். அன்று அது இல்லாததால் ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றேன்.

சுமை

ஓர் இரவுக்கு ஐந்து கிலோவுக்கு மேல் வேண்டியதில்லை. சுமையை முதுகில் மாட்டாமல் பின் கேரியரில் கட்டுங்கள். முதுகுப் பையோடு ஏற்றத்தில் குனிந்து மிதித்தால் இடுப்பும் தோளும் முதலில் களைக்கும். மாற்றுடை ஒன்று, துண்டு, போர்வை அல்லது கம்பளிச் சால்வை, மழைக்கோட்டு, முதலுதவிப் பொருள்கள், அடையாள அட்டை, சில்லறைப் பணம், பவர் பேங்க் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். எல்லைப் பகுதி என்பதால் சோதனைச் சாவடிகள் உண்டு. அடையாள அட்டையைப் பையின் அடியில் புதைத்து வைக்காதீர்கள். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, ஒளி எதிரொளிக்கும் மேலங்கி ஆகியவை பகலிலும் தேவைப்படும், காரணத்தைப் பிறகு சொல்கிறேன். தலைக்கவசம் இல்லாதவரை எங்கள் மிதிவண்டிக் குழுவில் சேர்ப்பதில்லை.

பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். முந்தைய மூன்று வாரங்களில் வாரத்துக்கு ஒருமுறை 25 முதல் 30 கிலோமீட்டர் ஓட்டுங்கள். அதில் கடைசி முறை அந்த ஐந்து கிலோ சுமையைக் கட்டிக்கொண்டு ஓட்டுங்கள். சுமை ஏற்றிய வண்டி வளைவில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை மலையில் வைத்துக் கற்றுக்கொள்ளக் கூடாது.

முதல் நாள்: கடற்கரையிலிருந்து குழித்துறை

வெளியூரிலிருந்து வருபவர்கள் வண்டியை ரயிலில் பார்சலாகப் பதிந்து நாகர்கோவிலில் இறக்கிக்கொண்டு, முந்தைய நாளே தேங்காய்ப்பட்டணம் பக்கம் வந்துவிடுவது வசதி. காலை ஐந்தரை மணிக்குப் பொழிமுகத்தில் இருங்கள். மீன்பிடித் துறைமுகத்தின் விளக்குகள் அப்போது அணைந்திருக்காது. முன்சக்கரத்தைக் கடல்நீரில் நனைத்துவிட்டுப் புறப்பட வேண்டும் என்று பலருக்கு ஓர் ஆசை, நானும் செய்திருக்கிறேன். உப்பும் மணலும் சக்கரத்தின் பேரிங்கிலும் செயினிலும் ஏறி நாள் முழுவதும் நறநறவென்று அரைக்கும். ஆசைப்பட்டவர்கள் தம் காலை நனைத்துக்கொள்ளட்டும், சக்கரத்தை விட்டுவிடுங்கள்.

பால் சேர்க்காத ஒரு கட்டன்சாயாவும் இரண்டு பழமும் போதும், புறப்படலாம். புதுக்கடை, காப்புக்காடு என்ற ஊர்கள் வழியாக வெட்டுமணியில் தேசிய நெடுஞ்சாலையைத் தொடும் வரை சுமார் 12 கிலோமீட்டர். தென்னந்தோப்புகளும் வீடுகளும் நெருங்கிய இந்தச் சாலையிலேயே முதல் மேடுபள்ளங்கள் தொடங்கிவிடும். இங்கே ஒரு விதியைக் கடைப்பிடியுங்கள்: பக்கத்தில் வருபவருடன் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்துக்கு மேல் மிதிக்காதீர்கள். மேட்டின் அடியிலேயே கியரைக் குறையுங்கள். பாதி ஏற்றத்தில் செயின் இறுகியபின் மாற்றினால் கழன்று விழும். இடைநாட்டு ஊர்ப்பெயர்களே நிலத்தின் போக்கைச் சொல்லிவிடும் என்பது எங்கள் குழுவின் பழைய வேடிக்கை. விளை என்றால் தோட்ட நிலம், மூடு என்றால் மரத்தின் அடி. பெயரில் குழி வந்தால் ஓர் இறக்கமும், அதற்கு வட்டியோடு ஓர் ஏற்றமும் வரும்.

வெட்டுமணியிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் திசையில் சிறிது தூரம் போனால் தாமிரபரணிப் பாலமும் அதைக் கடந்ததும் குழித்துறையும் வரும். காலையில் கடலோடு கலந்துகொண்டிருந்த அதே ஆறுதான் பாலத்தின் கீழே ஓடுகிறது. இந்தத் துண்டுச் சாலையே முழுப் பயணத்திலும் நெரிசல் மிகுந்தது. ஏழு மணிக்குள் கடந்துவிட்டால் தொந்தரவில்லை. தாமதமானால் பள்ளி வாகனங்களோடும் பேருந்துகளோடும் மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கும். மார்த்தாண்டம் ஊருக்குள் நுழைய வேண்டிய அவசியமே இல்லை; தேன் வாங்க வேண்டும் என்றால் திரும்பி வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.

மேல்புறம், அருமனை, கடையாலுமூடு

குழித்துறையிலிருந்து மேல்புறம் வழியாக அருமனைக்குச் சுமார் 10 கிலோமீட்டர். தென்னை குறைந்து ரப்பர் மிகுவதைக் கண்ணாலேயே காணலாம். மரங்களில் சாய்வாகக் கீறிய வெட்டுக்கோட்டின் கீழே சிரட்டை கட்டியிருக்கும். முந்தைய நாள் பால் உறைந்து அதில் ரப்பர் நாடாவாகத் தொங்கும். ஒட்டுப்பாலின் அந்தப் புளித்த வாடை பழகாதவர்களுக்குக் குமட்டும். அரை மணி நேரத்தில் மூக்கு மறந்துவிடும்.

இந்தச் சாலைகளில் கவனிக்க வேண்டியது கனிமவளம் ஏற்றிச் செல்லும் பெரிய லாரிகள். கல்லும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு கேரளத்தை நோக்கிப் போகும் இவை, குறுகிய சாலையில் மிதிவண்டிக்கென்று இடம் விடுவதில்லை. பகலிலும் பின்விளக்கை எரியவிடச் சொன்னது இதனால்தான். பின்னால் ஹாரன் கேட்டால் சாலையின் விளிம்பில் தொற்றிக்கொண்டு போகாமல், முழுவதுமாக இறங்கி நின்று வழிவிட்டுப் பிறகு ஏறுங்கள். இரண்டு பேர் பக்கம் பக்கமாக ஓட்டுவது குழித்துறையோடு முடிந்துவிட வேண்டும். இனி ஒருவர் பின் ஒருவர், நடுவில் இரண்டு வண்டி இடைவெளி.

எட்டரை மணிக்கு அருமனையில் காலைச் சாப்பாடு. புட்டும் பயறும் பப்படமும் கிடைத்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. எண்ணெய்ப் பலகாரத்தை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். ரசவடையின் மீது எனக்கும் ஆசைதான், ஆனால் ஏற்றத்தில் அது நெஞ்சுக்கு ஏறி வரும். சாப்பிட்டபின் அரை மணி நேரம் உட்கார வேண்டும். தண்ணீரை மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் என்ற கணக்கில், தாகம் எடுக்கும் வரை காத்திராமல், கால் மணிக்கு ஒருமுறை இரண்டு மிடறாகக் குடித்துக்கொண்டே வாருங்கள். வெறும் தண்ணீரை மட்டும் குடித்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளக்கூடும். உப்பிட்ட கஞ்சித்தண்ணீரோ மோரோ இடையில் சேர வேண்டும். வழியில் கருக்கு, அதாவது இளநீர், வெட்டும் கடை கண்டால் நிறுத்துங்கள்.

அடுத்த ஐந்தாறு கிலோமீட்டரில் கடையாலுமூடு. மலைக்கு முன் கடைசியாகச் சாமான் வாங்கும் இடமாக இதை வைத்துக்கொள்ளுங்கள். பாட்டில்கள் அனைத்தையும் நிரப்புங்கள். ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கிக் கேரியரில் கட்டுங்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பழத்தைக் குமரி மாவட்டத்தில் கைக்குழந்தைக்கு முதலில் ஊட்டுவார்கள். வயிற்றில் அத்தனை இலேசாக நிற்கும். ஏத்தன்பழம் (நேந்திரம்) பசியை அடக்கும், ஆனால் கனம். ஏறும்போது மட்டி, ஏறி முடித்தபின் ஏத்தன். பிரேக்கை இன்னொரு முறை அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கேயே கால் நடுங்கினால், தலை வலித்தால், மார்த்தாண்டத்திலிருந்து வரும் பத்துகாணிப் பேருந்து இந்த வழியாகவே போகிறது. வண்டியைத் தெரிந்த கடையில் விட்டுவிட்டுப் பேருந்தில் ஏறிவிடலாம். ஓர் ஆண்டு எங்களில் ஒருவர் அப்படித்தான் வந்தார், எங்களுக்கு முன்பே போய்ச் சாயா குடித்துக்கொண்டிருந்தார்.

ஏற்றம்

கடையாலுமூட்டிலிருந்து ஆறுகாணி வழியாகப் பத்துகாணி. இங்கே வேகம் என்ற சொல்லை மறந்துவிட வேண்டும். மிகச் சிறிய கியரைப் போட்டு, சீட்டில் உட்கார்ந்தபடியே, கைகளைத் தளர்வாக வைத்து, நிமிடத்துக்கு அறுபது சுற்றுப் போல ஒரே சீராக மிதித்து வாருங்கள். வளைவின் உள்பக்கம் செங்குத்தாக இருக்கும். எதிரில் வண்டி இல்லை என்று உறுதியாகத் தெரிந்தாலன்றி வெளிப்பக்கம் விலகாதீர்கள். தெரியாவிட்டால் இறங்கித் தள்ளுங்கள். பத்து நிமிடம் மிதித்து இரண்டு நிமிடம் நிற்பது என்று தொடக்கத்திலேயே வகுத்துக்கொண்டால் களைப்பு உங்களை நிறுத்தாது, நீங்களே நிற்பீர்கள். நிற்கும்போது நிழலிலும் சாலைக்கு வெளியிலும் நில்லுங்கள்.

எவ்வளவு தூரம் என்று வழியில் யாரிடமும் கேட்க வேண்டாம். ஓர் ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றபோது, ரப்பர் பால் வாளியோடு இறங்கி வந்த ஒருவரிடம் கேட்டேன். “இனி ரெண்டு வளைவுதான் மக்களே” என்றார். நான் எண்ணியவை ஏழு. அவர் பொய் சொல்லவில்லை. நாள்தோறும் நடப்பவருக்கு வளைவாகத் தெரிவது இரண்டுதான் போலும்.

மதியம் பன்னிரண்டுக்குள் மேலே சேர்ந்துவிட்டால் சரியான வேகம். இரண்டு மணி ஆனாலும் பாதகமில்லை. நான்கு மணிக்கு இன்னும் கடையாலுமூட்டில் நிற்கிறீர்கள் என்றால் அன்று ஏறாதீர்கள். இருட்டியபின் இந்தச் சாலையில் மிதிவண்டியில் செல்வது கூடாது. விலங்கும் வரலாம், லாரியும் வரலாம்.

மேலே, இரவில்

போய்ச் சேர்ந்ததும் உடனே படுக்காமல் கால் மணி நேரம் மெதுவாக நடங்கள். தொடையையும் கெண்டைக்காலையும் இழுத்துவிடுங்கள். வியர்வை உடையை மாற்றுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு மரச்சீனி என்னும் மரவள்ளிக் கிழங்கும் மீன்குழம்பும் அமைந்தால், கடற்கரையிலிருந்து நீங்கள் ஏறி வந்த அதே வழியில் அந்த மீனும் ஏறி வந்திருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டே உண்ணலாம்.

மாலையில் காளிமலைக்கு நடந்து செல்ல விரும்புபவர்கள் உள்ளூர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடும்படி கிளம்ப வேண்டும். வண்டியை வீட்டிலேயே பூட்டி வைத்துவிடுங்கள். வானம் தெளிந்திருந்தால் மேற்கே கடல் ஒரு வெள்ளிக்கோடாகத் தெரியும். ஆண்டுதோறும் கன்னியாகுமரிக் கடலிலிருந்து நீர் எடுத்துக்கொண்டு இந்த மலைக்குச் சமுத்திரகிரி ரத யாத்திரை வருகிறது. கடலிலிருந்து மலைக்கு வருவது இங்கே புதிய வழக்கம் ஒன்றும் அல்ல. களைத்திருந்தால் காளிமலையை அடுத்த முறைக்கு விட்டுவிடுங்கள். இறங்கும் நாளுக்குத்தான் தெளிவான கண்ணும் ஓய்ந்த கையும் அதிகம் தேவை.

எட்டு மணிக்குப் படுத்துவிடுங்கள். விளக்கும் தொலைபேசியும் மின்னேறட்டும். இரவில் நாய்கள் தொடர்ந்து குரைத்தால் வெளியே வந்து பார்க்க வேண்டாம், வீட்டார் பார்த்துக்கொள்வார்கள். விடியலுக்கு முன் கண்விழித்தால் ஒருமுறை முற்றத்தில் நின்று பாருங்கள். தோட்டத்துக்குள் சிறு விளக்குகள் மரத்துக்கு மரம் நின்று நின்று நகர்ந்துகொண்டிருக்கும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டுகிறார்கள்; வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஒழுகும். அருகில் நின்று பார்க்க அனுமதி கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கத்தி பழைய வெட்டின் கீழ்விளிம்பில் நூலிழையளவு பட்டையைச் சீவிக்கொண்டு போக, அதன் பின்னாலேயே வெள்ளைப் பொட்டுகள் அரும்பி, ஒன்று சேர்ந்து, கோடாகி, தகட்டு மூக்கின் வழியாகச் சிரட்டையில் சொட்டத் தொடங்கும். உங்கள் விளக்கை அவர்கள் கண்ணில் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இறக்கம்

நன்றாக விடிந்தபின், ஆறரை மணி அளவில் இறங்கத் தொடங்குங்கள். விபத்துகள் ஏற்றத்தில் நடப்பதில்லை, இறக்கத்தில்தான் நடக்கின்றன. பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே இறங்கினால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம். டிஸ்க் பிரேக் என்றால் தகடு கொதித்துப் பிடிமானம் குறையும். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விட்டு, நேர்ச்சாலையில் மறுபடி அழுத்துங்கள். முன் பிரேக்கை மட்டும் திடீரென்று இறுக்கினால் வண்டி உங்களைத் தலைகீழாகக் கவிழ்க்கும். உடம்பைச் சீட்டின் பின்பக்கம் தள்ளி உட்காருங்கள். வளைவில் வெளிப்பக்கப் பெடல் கீழே இருக்கட்டும். லாரிகளிலிருந்து சிந்திய எம்-சாண்ட் வளைவுகளில் மெல்லிய படலமாகக் கிடக்கும். அதன்மேல் பிரேக் பிடிக்கவே கூடாது. கை வலித்தால் நிறுத்துங்கள். டிஸ்க்கையோ ரிம்மையோ உடனே தொட்டுப் பார்க்காதீர்கள், சுட்டுவிடும்.

கடையாலுமூட்டிலிருந்து வந்த வழியை விட்டு, களியல் வழியாகத் திற்பரப்புக்குத் திரும்புங்கள். கோதையாறு பாறைமேல் பரந்து விழும் அருவியில் எட்டரை, ஒன்பது மணிக்குள் குளித்துவிட்டால் கூட்டத்தில் சிக்க மாட்டீர்கள். மழை பெய்து நீர் பெருகினால் குளிக்கத் தடை இருக்கும்; அதை மதியுங்கள். சூடான தசை மேல் அருவி விழுவதைப்போல இதம் தருவது வேறில்லை, ஆனால் அதன்பின் கால் சற்று மந்தமாகும். ஆகவே நன்றாகச் சாப்பிட்டு, ஒரு மணி நேரம் இருந்து கிளம்புங்கள்.

பிறகு குலசேகரம், திருவட்டாறு, ஆற்றூர், மார்த்தாண்டம், புதுக்கடை என்று கடற்கரைக்கு வழி. போன வழியைவிடத் தூரம் சற்றுக் கூடுதல்; மேடுபள்ளம் இங்கேயும் உண்டு. கோதையாறும் பரளியாறும் திருவட்டாறு அருகே மூவாற்றுமுகத்தில் கூடித்தான் குழித்துறைத் தாமிரபரணியாகின்றன. திற்பரப்பில் உங்கள் தலையில் விழுந்த தண்ணீரும் நீங்களும் ஏறக்குறைய ஒரே திசையில்தான் இறங்கிக்கொண்டிருக்கிறீர்கள். வெயில் உச்சிக்கு ஏறினால் திருவட்டாற்றில் நிழலில் தங்கி, மூன்று மணிக்கு மேல் மீதியை ஓட்டுங்கள். களைப்பு மிகுந்தால் மார்த்தாண்டத்தோடு முடித்துக்கொண்டு, வண்டியைச் சுமையுந்தில் ஏற்றி அனுப்புவதிலும் தவறில்லை.

யாருக்காவது அடிபட்டால் 108ஐ அழையுங்கள். குழித்துறையில் அரசு மருத்துவமனை இருக்கிறது. மேலே தொலைபேசித் தொடர்பு எல்லா வளைவுகளிலும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை என்பதால், கடையாலுமூட்டிலும் பத்துகாணியிலும் வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டு நகருங்கள்.

கடற்கரை சேர்ந்த அன்றே, எவ்வளவு அலுப்பாக இருந்தாலும், வண்டியை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள். உப்புக்காற்றில் ஓர் இரவு நின்றால் போதும், செயினில் துரு பூத்துவிடும். பீறிட்டு அடிக்கும் குழாயைப் பேரிங் பக்கம் காட்டாமல், வாளித் தண்ணீரும் பழந்துணியும் கொண்டு துடைத்து, செயின் நன்றாக உலர்ந்தபின் கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, மிஞ்சியதைத் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும்.